கைவண்டியில் கடந்த ராக்கி மலை

1847 முதல் 1869 வரையிலான 22 ஆண்டுகளில், ஏறத்தாழ 70,000 பேர் அமெரிக்காவின் புல்வெளிகளையும் ராக்கி மலைத்தொடரையும் தரைவழியாகக் கடந்து, இன்றைய யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். ஏறக்குறைய அனைவரும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் பெயர். மார்மன்கள் என்றே வெளியுலகம் அவர்களை அழைத்தது. அவர்களில் பெரும்பாலோர் எருதுகள் இழுத்த கூண்டு வண்டிகளோடு போனார்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு மட்டும் அந்த வசதி வாய்க்கவில்லை. 1856-க்கும் 1860-க்கும் இடையில், உடைமைகளையும் குழந்தைகளையும் கைவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு அவர்கள் மலையைக் கடந்தார்கள்.

இப்படிப் புறப்பட்ட கைவண்டிக் குழுக்கள் மொத்தம் பத்து. எட்டுக் குழுக்கள் களைத்து மெலிந்தாலும் பெரிய இழப்பின்றி ஊர் போய்ச் சேர்ந்தன. இரண்டு குழுக்கள் பனியில் சிக்கி, 200-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தன. பத்துக் குழுக்களுக்கும் பாதை ஒன்று, சபை ஒன்று, வண்டியும் ஒரே வகை. அந்த இரண்டு குழுக்களையும் மற்றவற்றிலிருந்து பிரித்தது, முதன்மையாக, அவை புறப்பட்ட நாள்.

துரத்தப்பட்ட சபை

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையை நிறுவினார். புதிய வேதநூல், புதிய தீர்க்கதரிசி, விசுவாசிகள் ஓரிடத்தில் கூடி வாழவேண்டும் என்ற போதனை ஆகியவை அதைச் சுற்றியிருந்த மற்றக் கிறிஸ்தவர்களிடமிருந்து தனித்துக் காட்டின. கூட்டமாகக் குடியேறி, நிலம் வாங்கி, ஒன்றாக வாக்களித்ததால் போன இடமெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு மோதல் மூண்டது. ஒஹாயோவுக்கும் அங்கிருந்து மிசௌரிக்கும் போனார்கள். 1838-இல் அந்த மாநில ஆளுநர் அவர்களை வெளியேற்ற ஆணையிட்டார். பிறகு மிசிசிப்பி ஆற்றங்கரையில், இல்லினாய் மாநிலத்தில், நாவூ என்ற நகரத்தை எழுப்பினார்கள். 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

பெரும்பான்மையினர் பிரிகாம் யங் என்பவரைத் தலைவராக ஏற்றார்கள். யாரும் உரிமை கொண்டாட வராத தொலைவான இடத்துக்குப் போனாலொழிய நிம்மதி இல்லை என்று அவர் கருதினார். 1846 பிப்ரவரியில், குளிர் உச்சத்தில் இருந்தபோதே, நாவூவை விட்டு வெளியேற்றம் தொடங்கியது. அயோவாவின் சேற்றைக் கடக்கவே பல மாதங்கள் ஆயின. அந்த ஆண்டுக் குளிர்காலத்தை மிசௌரி ஆற்றங்கரையில், இன்றைய ஓமஹா நகரப் பகுதியில், மரக்குடில்களில் கழித்தார்கள். நோயாலும் சத்துக் குறைவாலும் நூற்றுக்கணக்கானோர் அங்கே மாண்டார்கள்.

மலையும் பாதையும்

ராக்கி மலை வட அமெரிக்காவின் முதுகெலும்பு போல வடக்கு தெற்காக நீள்கிறது. அதன் பெரும்பகுதியை வண்டியோடு கடக்க முடியாது. ஆனால் இன்றைய வயோமிங் மாநிலத்தில் மலைத்தொடர் தாழ்ந்து, அகன்ற மேட்டு நிலமாக விரியும் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் சவுத் பாஸ் கணவாய். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏற்றம் மிக மெதுவானது. உச்சியைத் தாண்டிவிட்டோம் என்பதையே பல பயணிகள் உணரவில்லை. ஒரிகானுக்கும் கலிபோர்னியாவுக்கும் போன குடியேறிகளும் இந்த வழியைத்தான் நம்பினார்கள்.

மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த புளோரன்ஸ் என்ற முகாம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பிளாட் ஆற்றை ஒட்டி மேற்கே போனால், நிலம் கண்ணுக்குத் தெரியாமல் உயர்ந்துகொண்டே வந்து, லாரமி கோட்டையில் 1,300 மீட்டரை எட்டும். பிறகு வட பிளாட் ஆற்றைக் கடந்து, ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றாற்றைப் பிடித்துக்கொண்டு கணவாய்க்கு ஏறவேண்டும். வளைந்து வளைந்து ஓடும் அந்த ஆற்றைப் பலமுறை இறங்கிக் கடக்க நேரும். கணவாய்க்கு அப்பால் பிரிட்ஜர் கோட்டை. அதற்கும் அப்பால் வாசாட்ச் மலைகளின் குறுகிய பள்ளத்தாக்குகள். ‘பிக் மவுன்டன்’ ஏற்றத்தைத் தாண்டினால்தான் சால்ட் லேக் பள்ளத்தாக்கு கண்ணில் படும்.

இந்தப் பாதையில் செங்குத்தான பாறைகளைவிடப் பருவம்தான் பெரிய ஆபத்து. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஆறு டிகிரிக்கும் மேல் குறையும். வயோமிங்கின் மேட்டு நிலத்தில் காற்றைத் தடுக்க மரங்கள் இல்லை, எரிக்க விறகும் அரிது. அக்டோபரிலேயே பனிப்புயல் வரலாம். பனி விழுந்தால் புல் மூடிப்போகும், எருதுகள் பட்டினியால் விழும். ஆகவே வசந்தத்தில் புல் முளைத்ததும் புறப்பட்டு, செப்டம்பர் முடிவதற்குள் மலையைக் கடந்துவிடுவது எழுதாத சட்டமாக இருந்தது. 1846-இல் கலிபோர்னியாவுக்குப் போன டோனர் குழு இந்தக் கணக்கில் பிந்தி, சியரா நெவாடா மலையில் பனியில் மாட்டியது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் உயிரிழந்தார்கள்.

1847: முன்னோடிக் குழு

பிரிகாம் யங் தலைமையில் முதல் குழு 1847 ஏப்ரலில் புறப்பட்டது. 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள், எழுபதுக்கும் சற்று அதிகமான வண்டிகள். பின்னால் வரப்போகும் ஆயிரக்கணக்கானோருக்கு வழி காட்டுவதே அவர்கள் வேலை. ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் கடந்தோம் என்பதைக் கணக்கிட, வில்லியம் கிளேட்டன் என்பவர் முதலில் வண்டிச் சக்கரத்தில் துணி கட்டி, அது சுற்றுவதை எண்ணினார். பிறகு ஆர்சன் பிராட் வகுத்த முறைப்படி பல்சக்கரங்கள் கொண்ட தூரமானி ஒன்றை மரத்தில் செய்து வண்டியில் பொருத்தினார்கள். தண்ணீர், புல், விறகு கிடைக்கும் இடங்களைத் தூரக் கணக்கோடு குறித்து கிளேட்டன் வெளியிட்ட வழிநூல் அடுத்துவந்த பயணிகளுக்குப் பெருந்துணையாயிற்று.

வாசாட்ச் மலையில், டோனர் குழு முந்தைய ஆண்டு புதர் வெட்டிப் போட்டிருந்த தடத்தையே இவர்கள் செம்மைப்படுத்திக்கொண்டார்கள். ஜூலை 24 அன்று, மலைக்காய்ச்சலில் படுத்திருந்த பிரிகாம் யங் வண்டியிலிருந்தபடியே பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார். அவருக்கு முன்பே வந்துவிட்டவர்கள் ஓடையைத் திருப்பி நிலத்தை நனைத்து, உழுது, விதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நாள் இன்றும் யூட்டாவில் அரசு விடுமுறை. அதே நிலம் யூட், ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, கிழங்கும் விதையும் சேகரித்து வாழ்ந்த நிலம். குடியேற்றம் பெருகப் பெருக, அவர்களுடைய நீர்நிலைகளும் புல்வெளிகளும் பறிபோயின.

கைவண்டித் திட்டம்

சபையின் ஊழியர்கள் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஆயிரக்கணக்கானோரை மதம் மாற்றியிருந்தார்கள். நெசவாலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், சிறு கைவினைஞர்கள் என்று அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சீயோனில், அதாவது யூட்டாவில், கூடவேண்டும் என்ற ஆவலோடு, ஆலைக் கூலியிலிருந்து தப்பி நிலம் பெறும் நம்பிக்கையும் அவர்களை இழுத்தது. பயணச் செலவுக்குக் கடன் கொடுக்க 1849-இல் நிரந்தரக் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஊர் சேர்ந்ததும் உழைத்துத் திருப்பிக் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

1855-இல் யூட்டாவில் வெட்டுக்கிளிகளும் வறட்சியும் பயிரை அழித்தன. கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, நிதி வற்றியது. ஒரு கூண்டு வண்டி, இரண்டு மூன்று இணை எருதுகள், அவற்றுக்கான நுகத்தடி, சங்கிலி எல்லாம் சேர்ந்தால் ஏழைக் குடும்பத்தால் எட்ட முடியாத தொகை. ஆகவே அந்த ஆண்டு செப்டம்பரில், லிவர்பூலில் இருந்த ஐரோப்பியப் பணித் தலைவர் பிராங்ளின் ரிச்சர்ட்ஸுக்கு பிரிகாம் யங் எழுதினார். வண்டிகளை விட்டுவிட்டுக் கைவண்டிகளோடு நடந்து வரட்டும், எருதுக் கூட்டத்தை முந்திக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவருடைய கருத்து. லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை ஒருவருக்கு 9 பவுண்டு போதும் என்று கணக்கிடப்பட்டது.

கைவண்டிக்கு இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் ஒரு மரப்பெட்டி, முன்னால் நீளும் இரண்டு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை. அந்தக் கட்டையை நெஞ்சோடு அணைத்து ஒருவரோ இருவரோ இழுக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். கூண்டு வண்டிகள் பதித்த தடத்திலேயே உருள்வதற்காகச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் அதே அளவில் வைக்கப்பட்டது. வண்டிக்கு ஐந்து பேர், கூடாரத்துக்கு இருபது பேர், நூறு பேருக்கு ஒரு தலைவர், ஒரு மாட்டு வண்டி என்பது ஒழுங்கு. வளர்ந்தவர்களுக்கு உடை, படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சுமைக்கு மட்டுமே அனுமதி.

ரயில்பாதை அப்போது அயோவா சிட்டி வரைதான் போட்டிருந்தார்கள். அங்கிருந்து நடை. புளோரன்ஸ் வரை ஏறத்தாழ 450 கி.மீ., அங்கிருந்து சால்ட் லேக் வரை ஏறத்தாழ 1,650 கி.மீ. முதல் இரண்டு கைவண்டிக் குழுக்களும் 1856 ஜூனில் அயோவா சிட்டியை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 26 அன்று ஒரே நாளில் சால்ட் லேக் சேர்ந்தன. வேல்ஸ் நாட்டவர் நிறைந்த மூன்றாம் குழு அக்டோபர் 2 அன்று வந்தது. ஊரே திரண்டு வாத்தியம் முழங்க வரவேற்றது. திட்டம் வென்றுவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள்.

தாமதம் சேர்ந்த விதம்

மலிவான பயணம் என்றதும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் லிவர்பூலில் திரண்டார்கள். போதுமான கப்பல்கள் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 764 பேரோடு ‘தோர்ன்டன்’ கப்பல் மே 4 அன்றும், 856 பேரோடு ‘ஹொரைசன்’ கப்பல் மே 25 அன்றும்தான் புறப்பட்டன. ஜூன் கடைசியிலும் ஜூலை இரண்டாம் வாரத்திலும் இவர்கள் அயோவா சிட்டியை அடைந்தபோது, கூடாரமும் வண்டியும் தயாராக இல்லை. இருந்த மரத்தைக்கொண்டு அவசரமாக வண்டிகள் செய்யப்பட்டன. நன்றாகக் காயாத பச்சை மரத்தில் செய்த சக்கரம் மேட்டு நிலத்தின் வறண்ட காற்றில் சுருங்கும். ஆரக்கால்கள் குடத்தில் ஆடும், வட்டை விலகும். பல வண்டிகளில் இரும்பு அச்சு இல்லை. மர அச்சோடு மணல் உராய்ந்து தேய்த்துவிடும். பாதி வழியில் மசகு தீர்ந்து, பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் பூசி ஓட்டியவர்கள் உண்டு.

ஜேம்ஸ் வில்லி தலைமையிலான நான்காம் குழு ஜூலை 15 அன்றும், எட்வர்ட் மார்ட்டின் தலைமையிலான ஐந்தாம் குழு ஜூலை 28 அன்றும் அயோவா சிட்டியை விட்டுக் கிளம்பின. வில்லி குழு புளோரன்ஸை எட்டியது ஆகஸ்ட் 11. அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மறு வசந்தத்தில் போகலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆகஸ்ட் 13 அன்று கூட்டம் கூடியது. லீவாய் சாவேஜ் என்பவர் மட்டும் எழுந்து, முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குழு இவ்வளவு தாமதமாகப் போனால் மலையில் பலர் சாவார்கள் என்று கண்ணீரோடு எச்சரித்தார். அங்கிருந்த பெரும்பாலோருக்கு இல்லாத மலையனுபவம் அவருக்கு இருந்தது. எனினும் கூட்டம் விசுவாசத்தை நம்பிப் புறப்படுவது என்று முடிவெடுத்தது. அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. தானும் உடன் வந்து உதவுவதாகவும், தேவைப்பட்டால் உடன் சாகவும் தயார் என்றும் சொன்னார். அப்படியே செய்தார்.

சாவேஜ் 1852-இல் ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்களில் ஒருவர். பர்மாவில் பணிசெய்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் அழைக்கப்பட்ட ரிச்சர்ட் பாலண்டைன் 1853-இல் சென்னைக்கு வந்து ஓராண்டு பிரசங்கம் செய்தார். அவரும் திரும்பும் வழியில், 1855-இல், ஒரு மாட்டு வண்டிக் குழுவை இதே பாதையில் நடத்திப்போனார். அந்தக் குழு செப்டம்பருக்குள் சால்ட் லேக் சேர்ந்துவிட்டது.

குறைந்துகொண்டே வந்த உணவு

ஏறத்தாழ 400 பேர் கொண்ட வில்லி குழு ஆகஸ்ட் நடுவிலும், 576 பேர் கொண்ட மார்ட்டின் குழு அந்த மாதக் கடைசியிலும் புளோரன்ஸை விட்டன. மாட்டு வண்டிகளில் இடம் போதாமல், ஒவ்வொரு கைவண்டியிலும் கூடுதலாக ஒரு மாவு மூட்டை ஏற்றப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று முகாமருகே ஓடியதில் வில்லி குழுவின் முப்பது எருதுகள் வரை காணாமற்போயின. பால் மாடுகளையும் கன்றுகளையும் நுகத்தில் பூட்டிப் பார்த்தார்கள். இழுக்க முடியாத மாவு மூட்டைகள் மீண்டும் கைவண்டிகளுக்கே வந்தன.

செப்டம்பர் 12 அன்று, இலகுவான குதிரை வண்டிகளில் விரைந்துகொண்டிருந்த ரிச்சர்ட்ஸின் குழு இவர்களைத் தாண்டிச் சென்றது. சால்ட் லேக்கிலிருந்து உணவு அனுப்பச் சொல்வதாக அவர் உறுதியளித்தார். மாதக் கடைசியில் லாரமி கோட்டையை அடைந்தபோது, எதிர்பார்த்திருந்த உணவுப்பொருள் அங்கே இல்லை. அதுவரை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாவு என்றிருந்த படியை வில்லி குழு குறைத்தது. மார்ட்டின் குழு பின்னால் வந்து அதையே செய்தது. வட பிளாட் ஆற்றை நெருங்கியபோது, வண்டியை இழுக்கத் தெம்பில்லாமல், அந்தக் குழுவினர் போர்வைகளையும் கனத்த உடைகளையும்கூடக் குவித்து எரித்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களுக்கு மிகத் தேவைப்பட்டவை அந்தத் துணிகள்தான்.

அக்டோபர் 19

அன்று பருவத்தின் முதல் பெரும்புயல் அடித்தது. வில்லி குழு ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரையில் இருந்தது. கையிருந்த மாவு அன்றோடு தீர்ந்தது. ஏறத்தாழ 150 கி.மீ. பின்னால், மார்ட்டின் குழு அதே நாளில் வட பிளாட் ஆற்றைக் கடைசியாகக் கடந்தது. பனிக்கட்டி மிதந்த ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கிப் போனார்கள். கரையேறுவதற்குள் ஆலங்கட்டியும் பனியும் கொட்டத் தொடங்கின. நனைந்த உடை உடம்பிலேயே உறைந்தது. அந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் சாவு அன்றாடமாயிற்று.

இவர்கள் வந்துகொண்டிருப்பதே சால்ட் லேக்கில் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தெரிந்திருந்தது. தந்தி வசதி 1861 வரை அந்த ஊருக்கு வரவில்லை. மூன்றாம் குழுவோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டதாக அங்குள்ளவர்கள் நினைத்திருந்தார்கள். அக்டோபர் 4 மாலை ரிச்சர்ட்ஸ் வந்து, இன்னும் ஆயிரம் பேருக்கு மேல் பாதையில் இருப்பதைச் சொன்னார். கைவண்டிக் குழுக்களுக்குப் பின்னால் இரண்டு மாட்டு வண்டிக் குழுக்களும் வந்துகொண்டிருந்தன.

மீட்பு

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சபையின் அரையாண்டு மாநாட்டுக்காகக் கூடியிருந்த மக்களிடம் பிரிகாம் யங் வேறெதையும் பேசவில்லை. கோவேறு கழுதை இணைகள் அறுபது, வண்டிகள் பன்னிரண்டு அல்லது பதினைந்து, ஓட்டத் தெரிந்த இளைஞர் நாற்பது பேர், பன்னிரண்டு டன் மாவு இப்போதே வேண்டும் என்றார். வழியில் இருப்பவர்களை அழைத்து வருவதுதான் இன்றைய மார்க்கம், இதைச் செய்யாவிட்டால் நம் விசுவாசம் எதற்கும் உதவாது என்பது அவர் சொன்னதன் சாரம். பெண்கள் அங்கேயே கம்பளிக் காலுறைகளையும் மேலாடைகளையும் கழற்றிக் கொடுத்தார்கள். அக்டோபர் 7 அன்று ஜார்ஜ் கிராண்ட் தலைமையில் முதல் மீட்பு அணி பதினாறு வண்டிகளோடு கிளம்பியது.

புயலில் அந்த அணியும் பாதையோர மறைவில் ஒதுங்க நேர்ந்தது. உதவி வருமா என்று காத்திருக்க முடியாமல், தலைவர் வில்லி ஒரே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பனியில் மேற்கே தேடிப் போனார். அக்டோபர் 20 இரவு மீட்பு அணியைக் கண்டுபிடித்தார். மறுநாள் மாவு வண்டிகள் முகாமுக்கு வந்தன. ஆனால் அணியின் பெரும்பகுதி பின்னால் இருந்த மார்ட்டின் குழுவைத் தேடிப் போகவேண்டியிருந்தது. மீதியிருந்த சில வண்டிகளோடு, வில்லி குழு அக்டோபர் 23 அன்று ‘ராக்கி ரிட்ஜ்’ என்ற கரடுமுரடான மேட்டை, முகத்தில் அறைந்த பனிக்காற்றில் ஏறியது. ஏறத்தாழ 24 கி.மீ. தூரம். கடைசியாக வந்தவர்கள் முகாமை எட்டியபோது மறுநாள் விடியும் நேரம். அன்று காலை 13 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களில் இருவரும் அன்றே இறந்தார்கள்.

மார்ட்டின் குழு எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஸ்வீட்வாட்டர் ஆற்றின் ‘டெவில்ஸ் கேட்’ என்ற மலைப்பிளவு வரை போன கிராண்ட், அங்கிருந்து மூன்று குதிரை வீரர்களை அனுப்பினார். அவர்கள் அக்டோபர் 28 அன்று ரெட் பியூட்ஸ் என்ற இடத்தில் குழுவைக் கண்டார்கள். ஒன்பது நாட்களாக ஏறக்குறைய நகராமல், அற்ப மாவோடு, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை இழந்து கிடந்தது அந்தக் குழு. எழுந்து நடந்தால்தான் உணவு வண்டிகளை எட்டலாம் என்று சொல்லி வீரர்கள் அவர்களைக் கிளப்பினார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் டெவில்ஸ் கேட் வந்தும் புயல் விடவில்லை. ஸ்வீட்வாட்டர் ஆற்றுக்கு அப்பால் பாறைகள் வளைந்து காற்றைத் தடுக்கும் ஒரு மறைவிடம் இருந்தது. நடக்க முடியாதவர்களை மீட்பு அணி இளைஞர்கள் உறைநீரில் இறங்கித் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்த்தார்கள். இன்று ‘மார்ட்டின்ஸ் கோவ்’ எனப்படும் அந்த இடத்தில் சில நாட்கள் தங்கினார்கள். நவம்பர் 6 அன்று கடுங்குளிரில் வெப்பமானி மைனஸ் 24 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. கைவண்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே கைவிடப்பட்டன. மாட்டு வண்டிக் குழுக்களின் சரக்குகளை இறக்கி, டெவில்ஸ் கேட்டில் இருந்த கோட்டையில் பூட்டிவைத்து, காலியான வண்டிகளில் நோயாளிகளை ஏற்றினார்கள். சரக்குக்குக் காவலாக, டேன் ஜோன்ஸ் தலைமையில் தங்கிய இருபது பேர் தோலை வேகவைத்துத் தின்று அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

தனியாகக் குதிரையில் வந்த எப்ரயிம் ஹேங்க்ஸ் வழியில் காட்டெருமையை வேட்டையாடி இறைச்சியோடு முகாமுக்குள் நுழைந்தார். மேற்கிலிருந்து மேலும் மேலும் வண்டிகள் வந்தன. வில்லி குழு நவம்பர் 9 அன்று சால்ட் லேக் சேர்ந்தது. மார்ட்டின் குழு வந்தது நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆராதனையில் பிரிகாம் யங், வருகிறவர்களை வீட்டுக்கு வீடு பிரித்து அழைத்துப்போய்ச் சமைத்துப் போட்டுப் பராமரிக்கும்படி சொன்னார். ஜெபம் நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டியது உணவு என்பதே அவருடைய பேச்சின் கருத்து. உறைந்து அழுகிய விரல்களையும் பாதங்களையும் பலருக்கு வெட்டி நீக்கவேண்டியிருந்தது.

சாவின் காரணங்கள்

இந்த இரண்டு குழுக்களிலுமாகப் புளோரன்ஸை விட்டுப் புறப்பட்ட ஏறத்தாழ 980 பேரில் 200-க்கும் மேற்பட்டோர், அதாவது ஐந்தில் ஒருவர், ஊர் சேரவில்லை. குளிர் ஒன்றே அவர்களைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பவுண்டு மாவு ஏறத்தாழ 1,600 கலோரி தரும். நாள் முழுதும் மேட்டில் வண்டி இழுக்கும் மனிதருக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். முழுப் படி கிடைத்த நாட்களிலேயே உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக்கொண்டிருந்தது. படி குறைந்தபோது எரிக்க எதுவும் மிஞ்சவில்லை. குளிரில் உடற்சூட்டைக் காக்க இன்னும் அதிக உணவு தேவைப்படும் வேளையில் உணவே இல்லாமற்போயிற்று. வயிற்றுப்போக்கு இருந்த வலுவையும் உறிஞ்சியது.

இறந்தவர்களில் ஆண்கள் அதிகம். வண்டி இழுப்பது, கூடாரம் அடிப்பது, இரவுக் காவல், ஆற்றில் மற்றவர்களைச் சுமப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில் விழுந்தன. பட்டினியைத் தாங்க உதவும் கொழுப்பு ஆண்களின் உடம்பில் குறைவு. தங்கள் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்த தகப்பன்மாரும் உண்டு.

பொறுப்பு யாருடையது என்பது அன்றே சர்ச்சையானது. காலங்கடந்து குழுக்களை அனுப்பியதற்காக ரிச்சர்ட்ஸையும் அவருடைய உதவியாளர்களையும் பிரிகாம் யங் வெளிப்படையாகக் கண்டித்தார். செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்து, எதிர்பாராத தாமதத்துக்கு இடமே வைக்காத திட்டமும் ஒரு காரணம் என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். கப்பல் சில வாரம், வண்டி சில வாரம், பழுதுபார்ப்பு சில நாள் என்று சிறு சிறு தாமதங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுவிட வாய்ப்பு இருந்தது. விசுவாசத்தின் பெயரால் அந்த வாய்ப்பு ஒவ்வொன்றும் கைவிடப்பட்டது. அதே விசுவாசம்தான் முன்பின் அறியாதவர்களைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கானோரைப் புயலுக்குள் அனுப்பியது. இந்த வரலாற்றை நேர்மையாகச் சொல்ல இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிறகு

கைவண்டித் திட்டம் அதோடு நின்றுவிடவில்லை. 1857 முதல் 1860 வரை மேலும் ஐந்து குழுக்கள் உரிய காலத்தில் புறப்பட்டு, பத்திரமாக வந்தன. கடைசிக் குழு 1860 செப்டம்பர் 24 அன்று சால்ட் லேக் சேர்ந்தது. பத்துக் குழுக்களிலுமாக இறந்தவர்கள் ஏறத்தாழ 250 பேர். அவர்களில் பெரும்பாலோர் வில்லி, மார்ட்டின் குழுவினர்.

1861-இல் வேறு முறை வந்தது. யூட்டாவில் வளர்த்த எருதுகளையும் வண்டிகளையும் வசந்தத்தில் மிசௌரி ஆற்றுக்கு அனுப்பி, போகும் வழியிலேயே இடையிடையே மாவைச் சேமித்து வைத்து, கோடையில் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். புதிதாக எருது வாங்கும் செலவு மிச்சம், ஓட்டுகிறவர்களுக்குப் பாதை பழக்கம், உணவும் வழியில் தயார். 1856-இல் இல்லாமற்போன எல்லாவற்றையும் இந்த முறை ஈடுகட்டியது. 1868 வரை இப்படி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1869 மே 10 அன்று கண்டம் கடக்கும் ரயில்பாதை யூட்டாவின் புரோமன்டரி சம்மிட்டில் இணைந்ததும், மாதக்கணக்கான நடை சில நாள் ரயில் பயணமாகச் சுருங்கியது.

அமெரிக்க அரசு 1978-இல் இந்தப் பாதையைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது. சால்ட் லேக் நகரின் கோயில் வளாகத்தில், டோர்லீப் க்னாப்ஹஸ் வடித்த கைவண்டிக் குடும்பத்தின் வெண்கலச் சிலை 1947-இல் நிறுவப்பட்டது. ஒவ்வொரு கோடையிலும் சபையின் இளையோர் பழைய முறையில் கைவண்டி இழுத்து, முன்னோர் நடந்த பாதையின் ஒரு பகுதியை நடந்து பார்க்கிறார்கள். ‘மார்ட்டின்ஸ் கோவ்’ மறைவிடத்திலும் ராக்கி ரிட்ஜிலும் வில்லி, மார்ட்டின் குழுக்களின் வரலாறு பார்வையாளர்களுக்குச் சொல்லப்படுகிறது. மக்கள்கூட்டத்தைக் கடினமான நிலத்தின் வழியே அழைத்துப்போகும் எவருக்கும் அந்த வரலாற்றில் பாடம் இருக்கிறது. புறப்படும் நாளையும் உணவின் அளவையும் தாமதத்துக்கான இடைவெளியையும் கணக்கிட்ட குழுக்கள் அதே மலையை உயிரோடு கடந்தன. அந்தக் கணக்குத் தவறிய இடத்தில், உதவி எவ்வளவு விரைவாகக் கிளம்பியது என்பதே மீதிப்பேரின் உயிரைத் தீர்மானித்தது.